கோன்ஜே கொடுத்தார்கள்

தங்கச்சிக்கு,

நான் வேலை பார்த்த சலவைக்கூடத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தை அன்று நீதான் வாசித்துச் சொன்னாய். எனக்குத்தான் பிரெஞ்சு படிக்க வராதே. "கோன்ஜே குடுத்திருக்காங்கக்கா. லீவு. நிம்மதியா மகன் வீட்டுக்குப் போயிட்டு வா" என்றாய். மறுநாளே கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினால், என் இஸ்திரி மேசை முன்னால் உன் வீட்டுக்காரர் நிற்கிறார். என்னைக் கண்டும் தலை நிமிரவில்லை. ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நூலகத்தில் மொழி சொல்லித்தரும் டீச்சரிடம் கடிதத்தைக் காட்டினேன். "கோன்ஜேயை நீங்க எடுத்தா லீவும்மா. முதலாளி உங்களுக்குக் குடுத்தா, வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம்" என்றார். மறுத்து எழுதப் பத்து நாள் தந்திருந்தார்களாம். அதுவும் அதே பக்கத்தில்தான் இருந்ததாம்.

புதிதாக ஒருவரைச் சேர்க்க ஒருவரை நிறுத்தப்போகிறார்கள் என்பது அந்தச் சலவைக்கூட ஆபீசிலேயே வேலை பார்க்கும் உனக்கு முன்பே தெரிந்திருக்கும். அவர் எத்தனை மாதம் வேலையில்லாமல் இருந்தார் என்று எனக்கும் தெரியும். "அக்கா, நீ விட்டுக்குடு" என்று கேட்டிருந்தால் முகம் சுளிக்காமல் கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை.

பிள்ளைகளை எப்போதும்போல் சனிக்கிழமை அனுப்பு. வாசல்வரை நீ வர வேண்டாம். தெருமுனையில் இறக்கிவிட்டால் அவர்களே வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் பெரியம்மா