எட்டாம் வாய்க்காலுக்கு வராத தந்தி

இஞ்சருங்கோ,

இருபத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லி எழுத இன்றைக்கும் கை வரவில்லை. உறையில் போட்டு அனுப்பும் கடிதம் என்றால் பெயர் இல்லாமல் முடியாது. இது பத்திரிகைக்குப் போகிற கடிதம். நீங்கள் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிறவர். எங்கே போட்டாலும் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நாங்கள் சுகம். விதைப்பு முடிந்துவிட்டது. வேலியோரம் நீங்கள் வைத்த தென்னை மூன்றும் பாளை விட்டிருக்கின்றன. நான் போன தையோடு பள்ளிக்கூடத்தால் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் காலை எட்டு மணிக்கு மணிச் சத்தம் கேட்டால் கால் தானாக எழும்புகிறது.

இனி உங்கள் மகளின் கதை. யோகாவைக் கேட்காமல் எந்தக் கதையையும் நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளை சோதனையில் நன்றாகத்தான் செய்தாள். டொக்டர் படிப்புக்குக் கொழும்பு, பேராதனை, அக்கரையில் சென்னை என்று மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டோம். மூன்று இடத்திலிருந்தும் ஒரே மாதிரிப் பதில். இடம் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறதாம். யாராவது விலகினால் தந்தி அடிப்பார்களாம். தந்தி கிடைத்து மூன்று நாளுக்குள் சம்மதம் சொல்லவேண்டுமாம்.

உங்கள் தங்கச்சி பாக்கியத்தின் வாயைக் கேட்கவேண்டுமா? "மூண்டு கலியாண வீட்டுக்குப் போய் மூண்டிலயும் பந்தலுக்கு வெளியில நிக்கிற மாதிரியெல்லோ இருக்கு மச்சாள்!" என்றாள். யோகா சிரித்துக்கொண்டு, "பந்தி முடிய முந்தி ஆரும் எழும்பாமலோ போவினம், மாமி?" என்றாள்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சிக்கு அவளைத் தெரிவு செய்து ஒரு கடிதமும் வந்தது. அது நிச்சயமான இடம். ஆனால் சேருகிற அன்றைக்கே, படித்து முடித்தபின் இத்தனை வருடம் அந்த வேலையே செய்வேன் என்று கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தால் டொக்டர் படிப்பை மறந்துவிடவேண்டியதுதான். ஓமோ இல்லையோ என்று பதில் சொல்ல ஒரு மாதம் தந்திருந்தார்கள்.

இப்போது நான் செய்த பிழையைச் சொல்லப்போகிறேன். கோபிக்காதேங்கோ.

மூன்று விண்ணப்பத்திலும் முகவரி எழுதியது நான்தான். யாழ்ப்பாணத்தில் உங்கள் தாய்வீட்டு முகவரியை, பாக்கியம் இருக்கிற நீர்வேலி வீட்டை எழுதினேன். வேறு எதை எழுதுவேன்? அரிசிக் கூப்பன் அட்டையிலிருந்து யோகாவின் பள்ளிக்கூட வரவு இடாப்பு வரை நீங்கள் அதைத்தானே எழுதுவித்தீர்கள்? குடியேற்றத் திட்டத்தில் வாய்க்கால் நம்பர் போட்ட காணி கிடைத்து உருத்திரபுரத்துக்கு வந்து பன்னிரண்டு வருடமான பிறகும், "வாய்க்கால் நம்பரைப் போய் ஆரும் வீடெண்டு எழுதுவினமோ, ரீச்சர்?" என்று கேட்டவர் நீங்கள். கடிதங்கள் நீர்வேலிக்குப் போகும். ஆனையிறவு தாண்டி வருகிற யாராவது ஒருவரின் கையில் பாக்கியம் கொடுத்துவிடுவாள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் பாக்கியமே பஸ்ஸால் வந்து இறங்கினாள். புதுச் சேலை. ஒரு கையில் கதலிப் பழம், மற்றக் கையில் பயத்தம் பணியாரப் பெட்டி. படலையைத் திறக்க முந்தியே, "பிள்ளை! டொக்டர் பிள்ளை!" என்று சத்தம். பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்த ஒரு தந்தி. பேராதனையிலிருந்து.

யோகா வாங்கி வாசித்தாள். பிறகு திகதியைப் பார்த்தாள். அந்தக் கணம் அவளுடைய முகம் அச்சொட்டாக உங்களுடையது.

"மாமி, இது எப்ப வந்தது?"

"சனிக்கிழமை பின்னேரம். டொக்டர் படிப்புச் சங்கதி எண்டு தபால்காரன் சொன்னவன். ஞாயிறு அட்டமி. திங்கள் நவமி. நேற்றுச் செவ்வாய். நல்ல சேதியை அந்த நாளுகளிலயோ கொண்டாறது? பிள்ளையார் படத்துக்குக் கீழ பத்திரமா வைச்சனான், மோனை."

செவ்வாயோடு மூன்று நாளும் முடிந்துவிட்டது.

அடுத்த பஸ்ஸிலேயே கிளிநொச்சித் தபால் கந்தோருக்குப் போய்ப் பதில் தந்தி அடித்தோம். இந்த முறை எங்கள் வாய்க்கால் முகவரியைக் கொடுத்தேன். மறுநாள் பொழுது சாய முந்தியே பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது.

பாக்கியம் குசினி அடுப்படியில் இருந்து தலையில் அடித்து அழுதாள். யோகா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினாள். பிறகு உள்ளே வந்து, பணியாரப் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கடித்தாள்.

"மாமி, நல்ல பதம். அழாதேங்கோ. பிள்ளையார் என்ன செய்வார்? அவருக்கும் இங்கிலீசு தெரியாதெல்லோ."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். நானும் பாக்கியத்தைக் கோபிக்கவில்லை. அவள் நல்லதை நல்ல நாளில் கொண்டுவர நினைத்தாள். முகவரி எழுதியது நான்.

ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தாதிப் பயிற்சிக்குப் பதில் சொல்ல எட்டு நாள்தான் இருந்தது. "ஓமெண்டு எழுது பிள்ளை. சேருற நாள் வரைக்கும் தந்தி வந்தா விட்டிட்டுப் போகலாம். வராட்டி இதாவது இருக்கும்" என்றேன். நீங்கள் இருந்தாலும் அப்படித்தானே சொல்லியிருப்பீர்கள்? சொல்லுங்கோ.

 ஞாயிற்றுக்கிழமை காலை யோகா மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அம்மா, பள்ளிக்கூடத்தில பணிஸ் குடுக்கேக்க நீங்க என்னைப் பேசினது ஞாபகம் இருக்கோ?"

எனக்கு ஞாபகம் இருந்தது. பிள்ளைகளின் பசிக்கு இடைவேளையில் கொடுக்கிற ரொட்டி அது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தவள், எல்லோரும் வாங்குகிறார்கள் என்று வரிசையில் நின்று ஒன்றை வாங்கி, மணியடிக்கும் வரை கையிலேயே வைத்திருந்தாள். அன்றைக்குக் கடைசியில் நின்ற இரண்டு பிள்ளைகளுக்குப் பணிஸ் இல்லை. வகுப்பில் எத்தனையோ உதாரணம் சொன்னேன். என் மகளையே உதாரணமாக வைத்தது அந்த ஒரு நாள்தான்.

"ஆரோ ஒரு ஆள் வேண்டாமெண்டு நேரத்துக்குச் சொன்னதாலதான் எனக்குத் தந்தி வந்தது. தாதி வேலை பெரிய வேலை அம்மா. அதை விரும்பிற ஒருத்தி இப்ப எங்கேயோ தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிப்பாள். நான் சாப்பிடாத பணிசைக் கையில வைச்சிருக்க ஏலாது."

"தந்தி வராட்டி?"

"வாற வருஷம் திரும்பச் சோதனை எடுப்பன். ஒரே ஒருக்கா. அதிலயும் இல்லையெண்டா தாதிக்கு நானே வரிசையில நிப்பன், மனசார."

 சரியோ பிழையோ, எனக்கு இன்னும் தெரியவில்லை. வீடு நிறையப் பயம்தான். ஆனால் பயத்துக்காக அவளைத் தடுக்கவும் மனம் வரவில்லை.

அன்றைக்கே நாலு கடிதம் எழுதினாள். தாதிப் பயிற்சிக்கு, நன்றி சொல்லி விலகி ஒன்று. பேராதனைக்கு, தந்தி பிந்திக் கிடைத்ததைச் சொல்லி, பட்டியலில் பெயரை விட்டுவைக்கும்படி ஒன்று. கொழும்புக்கும் சென்னைக்கும், முகவரி மாறியதைச் சொல்லி ஒவ்வொன்று. முகவரி எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்கதான் எழுதவேணும் அம்மா. அப்பாவோட கதைச்சுப்போட்டு எழுதுங்கோ."

அதற்காகத்தான் இந்தக் கதை எல்லாம். கிளிநொச்சி முழுக்க, வாய்க்காலுக்கு வாய்க்கால், எங்களைப்போல் இங்கே விதைத்து அங்கே முகவரி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

இந்தக் காட்டை வெட்டியது நீங்கள். கிணறு வெட்டியது நீங்கள். நெஞ்சு வலித்து விழுந்தபோதும் வரம்பில்தான் விழுந்தீர்கள். நீர்வேலிக்குக் கொண்டுபோவோம் என்று சனம் சொன்னபோது, வேண்டாம் என்றவள் நான். இந்த வாய்க்கால் முடிகிற இடத்தில்தான் உங்களை எரித்தோம். பிறகும் விண்ணப்பத்தில் நீர்வேலி என்று எழுதினேனே, உங்களை எங்கே விட்டுவிட்டு எழுதினேன்?

நாலு கடிதத்திலும் எட்டாம் வாய்க்கால் என்று எழுதினேன்; திங்கட்கிழமை தபாலில் போய்விட்டன. தபால்காரர் சைக்கிளில் வாய்க்கால் கரையால் வருவது இப்போது எங்கள் வாசலிலிருந்தே தெரிகிறது. அவர் நிற்காமல் போகிற நாட்களில் யோகா புத்தகத்தை எடுத்துவிடுகிறாள். நிற்கிற நாள் ஒன்று வந்தால் அது அட்டமியோ நவமியோ, அந்த நிமிடமே பதில் போகும். அதற்கு நான் பொறுப்பு. இனி நிரந்தர முகவரி என்று யார் கேட்டாலும் நீங்கள் இருக்கிற இடத்தைத்தான் எழுதுவேன். இதுவும் உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

எட்டாம் வாய்க்கால், உருத்திரபுரத்திலிருந்து,
உங்கள் யோகாவின் அம்மா.