சுபா மச்சாள் ஏறாமல் போன படகு

என் ஆசை மச்சாளுக்கு,

கடிதம் என்றால் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உங்களிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் நேரே செய்திக்கு வருகிறேன். படகு போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரம் ஒருவர் வந்து டிரெய்லரோடு இழுத்துக்கொண்டு போனார். மறிக்க வேண்டும் என்று நின்றேன். முடியவில்லை. எப்படி முடியாமல் போனது என்பதை உங்களிடம்தான் சொல்லலாம்.

இதை வேறு யாராவது வாசிக்க நேர்ந்தால், அவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் என் மாமாவின் ஒரே மகள். டென்மார்க்கில் பிறந்து, சிறு வயதில் லண்டனில் மிட்சம் என்ற பகுதிக்கு வந்து, ஹவுன்ஸ்லோவில் விமானச் சரக்குக் கிடங்கில் வேலை செய்தவர். கோபம் வந்தால் டேனிஷ் மொழியில் திட்டுவீர்கள், யாருக்கும் விளங்காது. இருபத்தாறு வயதில், காய்ச்சல் என்று ஒரு நாள்கூடப் படுக்காமல், மூளையில் இரத்தக் குழாய் வெடித்து ஒரு காலையில் போய்விட்டீர்கள். தேத்தண்ணீர் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

என்னையும் அவர்களுக்குத் தெரியாது. பரீட்சை எழுதாமலே பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லக் குரல் வராது. மாமாவின் பலசரக்குக் கடையில் தட்டுகளில் சாமான் அடுக்குகிறேன், காசு வாங்கும் இடத்தில் என்னை நிறுத்துவதில்லை. உங்களோடு மட்டும் எனக்குக் கதை வரும். ஏன்? நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல், கையில் ஏதாவது ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டே கேட்பீர்கள். அதனாலாக இருக்கலாம்.

அந்தப் படகை நீங்கள் வாங்கி வந்த அன்று மாமா கேட்டது நினைவிருக்கிறதா? "மீன் வேணுமெண்டால் கடைக்குப் போங்கோவன். ஐஸில பேசாமல் கிடக்குது. உதுக்கு ஏன் துரத்திக்கொண்டு திரியிறியள்?"

"ஐஸில கிடக்கிற சீ பாஸ் மீன் சண்டை பிடிக்காதப்பா," என்றீர்கள்.

"வீட்டில கொம்மா பிடிக்கிற சண்டை காணாதோ?"

உள்ளேயிருந்து மாமி எதையோ எறிந்தார். கரண்டி என்று நினைக்கிறேன்.

உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் கைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்துத்தான் படகை ஆயத்தம் செய்தோம். "ரெண்டு மொக்கும் சேந்து கடலுக்குப் போகுதுகள்" என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். முதலில் எல்லாவற்றையும் பூட்ட ஆசைப்பட்டோம். தூண்டில் தடி நிறுத்த ஆறு குழாய், பெட்டிமேல் பெட்டி, விளக்கு. பிறகு பாதியைக் கழற்றினோம். புதிதாகப் போகிறவர்களுக்கு இரண்டு தடி போதும், காலடியில் இடம்தான் முக்கியம், பாஸ் மீன் தூண்டிலில் கொழுவியபின் கால் தடக்கினால் மீனும் இல்லை நாமும் இல்லை என்று யாரோ ஒரு கிழவர் காணொளியில் சொன்னார். ஆழம் காட்டும் சின்னத் திரையை ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே வைத்தோம். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றை, ஓட்டுகிறவர் தன் காலில் கட்டிக்கொள்ள வேண்டும், தண்ணீரில் விழுந்தால் எஞ்சினும் நிற்கும். அதை உங்கள் காலில் கட்டிக்கொண்டு நீங்கள் வீட்டு முற்றத்தில் சீமெந்துத் தரையில் குதித்துக் காட்டினீர்கள். இருக்கையின் ஓரத்தில் அளவுகோல் ஒட்டி, நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு போட்டீர்கள். அதற்குக் குறைந்த மீனைத் திரும்ப விடவேண்டும். "முத்தம் குடுத்து விடுவம்," என்றீர்கள். வசந்தம் வரட்டும் என்று காத்திருந்தோம். நீங்கள் மார்கழியில் போனீர்கள்.

அதற்குப் பிறகு மாமா கடையைத் திறப்பார், பூட்டுவார், வீட்டுக்கு வந்து முற்றத்தில் நிற்கும் படகுக்குள் ஏறி இருப்பார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறுவார், கோயிலுக்குப் போகிற மாதிரி. மழை பெய்தாலும் இருப்பார். தெருவால் போகிற சனம் பார்க்கும். மாமி கதவடியில் நின்று, "இஞ்சாருங்கோ, சோறு ஆறுது" என்பார். அது அவர் காதில் விழாது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அந்தப் படகு தண்ணீருக்குப் போகவேண்டும். போனால் மாமா அதிலிருந்து இறங்குவார். இதை வாயால் சொல்ல எனக்கு வராதே. அதனால் வேலை செய்தேன். உங்கள் ஆண்டுத் திவசம் முடிந்ததிலிருந்து, கடை வேலை முடிந்து தினமும் போய், துருப்பிடித்த ஆணிகளை மாற்றினேன், கயிறுகளைக் கழுவிக் காயவைத்தேன். மாமா படகின் முன்பக்கம் இருப்பார், நான் பின்பக்கம். ஒரு நாள் தானாகக் கேட்டார், "ஒருக்கால் தண்ணியில விட்டுப் பாப்பமே பிள்ளை?"

தலையை ஆட்டினேன். கழுத்து நோகும்வரை ஆட்டினேன், மச்சாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. முதல்நாள் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நான் போனபிறகு மாமி படகுக்குப் பூசை செய்திருக்கிறார். புது வாகனத்துக்குச் செய்வதுபோல எஞ்சினுக்குச் சந்தனப்பொட்டு, டிரெய்லர்ச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய். படகு முழுக்க மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார். தண்ணீர் வடியாமல் உள்ளே நின்றதும், பின்பக்கம் அடியில் வடிகால் ஓட்டையை அடைக்கிற ஒரு தக்கை இருக்கிறதே, அதைத் திருகிக் கழற்றி வடியவிட்டிருக்கிறார். கழற்றிய தக்கையைக் கீழே போடாமல், பவ்வியமாகக் கர்ப்பூரத் தட்டில் வைத்து, தட்டோடு சாமியறைக்குக் கொண்டுபோய்விட்டார்.

கென்ட் பக்கம் ஆறு கடலாகும் இடத்தில், படகிறக்கும் சாய்தளத்தில், டிரெய்லரை இழுத்துவந்த வானை மாமா பின்னுக்கு ஓட்டினார். படகு மிதந்தது. மாமி கைகூப்பினார். லைஃப் ஜாக்கெட்டோடு மாமா ஏறினார். அவருக்கு நீந்தத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. கயிறு என் கையில். அவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினார். ஒன்றேகால் வருடத்தில் முதல்தடவையாகப் பல் தெரிந்தது.

நான்தான் முதலில் கண்டேன். அவருடைய காலடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இலேசான மஞ்சள் நிறம்.

கத்த வேண்டும். "மாமா" என்ற ஒரு சொல். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன். பக்கத்துப் படகில் நின்ற வெள்ளைக்காரர்தான் கண்டு, ஓட்டை திறந்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் கத்தினார். மாமா குனிந்து பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீருக்குள் அப்படியே குந்தி, உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டார்.

நானும் அந்த மனிதரும் இழுத்தோம். படகு கரை தட்டிவிட்டது. அடி தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. மாமா கையை எடுக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, கரைக்கு வந்திட்டுது. கையை எடுங்கோ," என்றார் மாமி.

"பொத்திக்கொண்டுதான் இருக்கிறன். நான் விடேல்லை. நான் விடேல்லை."

"ஓமப்பா, விடேல்லை. இனி எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. மாமி பக்கத்தில் போய்ச் சேலையோடு தண்ணீருக்குள் இருந்துவிட்டார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்திருக்க வேண்டும், மச்சாள்? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

திரும்பி வரும்போது லண்டனுக்குள், லூயிஷாம் வரை வந்துவிட்டோம். மாமி மெல்ல, "நான்தான்... மஞ்சள் தண்ணி போகட்டும் எண்டு கழட்டினனான்" என்றார்.

"நீ என்ன செய்வாய்," என்றார் மாமா. கோபமே இல்லை. கோபித்திருக்கலாம். கொஞ்சத் தூரம் போய், "வித்துப்போடுவம்" என்றார்.

வேண்டாம் மாமா, தக்கையைப் பூட்டினால் சரி, அடுத்த கிழமை திரும்பப் போவம். இவ்வளவும் என் தொண்டைக்குள் இருந்தது. வாயால் வந்தது, "ஓம் மாமா."

வாங்க வந்தவர் ஒரு மலேசியத் தமிழர், கணக்காளர், நல்ல மனிதர். படகைச் சுற்றிச் சுற்றி நடந்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே. குளியல் தொட்டியத் தாண்டி நான் தண்ணில போனதே இல்ல லா. மீனைத் தொடவே என் சம்சாரம்தான் தொடணும்." மாமாவுக்குக்கூட இலேசாகச் சிரிப்பு வந்தது. "யாரு இவ்ளோ அழகா செட் பண்ணது?"

"என்ர மகளும், இவளும்."

"மக எங்கண்ணே? அவங்ககிட்டயே கேட்டுக்கறேன்."

"அவ இல்லை தம்பி. எங்களை விட்டிட்டுப் போட்டா."

அவர் படகிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிறகு, "அண்ணே, விக்க வேணாம்னு தோணுச்சுன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நேரே, முகத்தைப் பார்த்து. "நீ சொல்லு ஆரணி. விப்பமோ, வைப்பமோ?"

இதற்காகத்தானே நான் கிழமைக்கணக்காகக் காத்திருந்தேன்? யாராவது கேட்கவேண்டும் என்று. கேட்டுவிட்டார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமி கதவடியில். வாய் திறந்தது.

"நங்கூரக் கயிறை முன்பக்கம்தான் கட்டவேணும்," என்றேன். "பின்பக்கம் கட்டினால் அலை உள்ளுக்க ஏறி, படகு தண்ணிக்குள்ள தாண்டுபோகும்."

அதோடு நிற்கவில்லை. சிவப்புக் கயிறு, அளவுகோல், திரை, எந்தத் தடி எந்தக் குழாயில், தக்கையைக் கடைசியாக யார் தொட்டது என்று ஒவ்வொரு முறையும் கேட்கவேண்டும் என்பது எல்லாம் சொன்னேன். நீங்கள் போனபிறகு நான் அவ்வளவு கதைத்ததே இல்லை. அந்த மனிதர் கவனமாகக் கேட்டார். அவர் கடலில் தாண்டுபோகக் கூடாதே என்று இன்னும் இன்னும் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதிலை மட்டும் சொல்லவில்லை.

மாமா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எடுக்காமல் என்ன செய்வார்? "சரி தம்பி, டிரெய்லரைக் கொழுவுங்கோ," என்றார்.

இப்போது முற்றம் வெறுமையாகக் கிடக்கிறது. மாமா கடை பூட்டி வந்து, கொஞ்சநேரம் சப்பாத்தோடு அங்கே நின்றுவிட்டு உள்ளே போகிறார். இது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரை எப்படி வெளியே கொண்டுவருவது என்றும் தெரியவில்லை. படகு ஒன்றுதான் என்னிடம் இருந்தது.

உங்கள் தூண்டில் தடிகள் இரண்டையும் நான் கொடுக்கவில்லை. கரையில் நின்றும் சீ பாஸ் பிடிக்கலாமாம். "மாமா, வாங்கோ, கரையில நிண்டு பிடிப்பம்." நான்கைந்து சொற்கள்தானே? கடையின் பின்னறையில், மா மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். மா மூட்டைகளுக்கு நன்றாகச் சொல்கிறேன்.

சத்தியமாக அவரிடம் கேட்பேன், மச்சாள். இந்த ஞாயிறு வராவிட்டால் அடுத்த ஞாயிறு. குரல் வராவிட்டால் தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன், வரும்வரை நிற்பேன்.

உங்களைத் தவிர வேறு யாரோடும் கதைக்கப் பழகாத,
உங்கள் சின்ன மச்சாள்
ஆரணி