உட்கார இடம் கிடைத்த பக்கம்

இன்று காலை வெள்ளிமலை பஸ்ஸில் முன் சீட்டுக்காரி எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்தாள். மலை ஏறும்போது குமட்டாமல் இருக்க எல்லோரும் செய்வதுதான். அந்த வாசனை வந்ததும் நான் உனக்காகத் தள்ளி உட்கார்ந்தேன். நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. இந்த உடம்புக்கு மட்டும் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

உண்மையைச் சொன்னால் அலுப்பாக இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் ஏறுகிறேன், மலைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கி வருகிறேன். முன்பும் இதே பிழைப்புதான். அப்போது பக்கத்தில் நீ இருந்தாய், மடியில் ஒரு புத்தகம் இருந்தது. இப்போது எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்தில் கை ஓய்ந்துவிடுகிறது.

நீ முதலில் கொடுத்தது கிணறு வெட்டுகிற குடும்பத்தைப் பற்றிய அந்தத் தடித்த நாவல். நடுவே காய்ந்த எலுமிச்சைத் தோல் ஒன்று இருந்தது. நீ மலை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள், நான் டீச்சர். நமக்குள் பஸ் பழக்கம் தவிர வேறொன்றும் இல்லாத காலம் அது. இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. "பாதியில உட்டுட்டு என் தலையில கட்டறியா?" என்று கேட்டேவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

"அது நான் உட்ட எடம் இல்ல டீச்சர். எனக்கு ஒக்கார எடம் கெடச்ச பக்கம். கச்சிராயபாளையம் வரைக்கும் நாம நின்னுக்கினுதான வர்றோம்? கூட்டம் எறங்குனாதான ஒக்கார்றோம்? இதுவும் அப்பிடித்தான். முன்னால கூட்டம் ஜாஸ்தி, யாருக்கு யாரு இன்னா ஒறவுன்னே புரியாது. தோல் இருக்கற வரைக்கும் நின்னுக்கினு வா."

நின்றுகொண்டு வந்தேன். அந்த வீட்டு மருமகள் முதல் தடவையாகக் கிணற்றுக்குள் இறங்குகிற பக்கம் அது. அதற்குப் பிறகு கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் நீ புத்தகம் சொல்வதே பஸ் பாஷையில்தான். கவிதை என்றால், "ஏறுனதுமே எடம் கெடைக்கும். ஆனா வளைவுக்கு ஒண்ணுதான் படிக்கணும், மீதி நேரம் கண்ண மூடிக்கினு வா. ஒரேடியா படிச்சா வாந்திதான்." கட்டுரை என்றால், "பக்கத்து சீட்டு ஆளு டீச்சர். வழி பூரா பேசிக்கினே வருவான். மொதல்லயே ஆள் யோக்கியமான்னு பாத்துக்கோ, இல்லன்னா எழுந்து வேற எடம் பாரு." நல்ல புத்தகம், மட்டமான புத்தகம் என்று நீ சொல்லி நான் கேட்டதில்லை. நான் கொடுத்ததைத் திருப்பித் தரும்போது மட்டும், "கடைசி வரைக்கும் ஸ்டாண்டிங்தான்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். எனக்குக் கோபம் வரும். அதைப் பார்க்கத்தான் சொல்வாய்.

உடம்பு முடியாமல் நீ படுத்திருந்தபோது, என்ன படிக்கிறாய் என்று போனில் கேட்டேன். "ஒரு நாவல். நல்லாதான் இருக்கும்னு தோணுது. இன்னும் ஒக்கார எடம் கெடைக்கல டீச்சர்." மூச்சு வாங்கியது. "கெடச்சதும் தோல் வச்சித் தர்றேன்."

காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் அதை என்னிடம் கொடுத்தார். "அவ படிச்சிக்கினு இருந்த புக்குங்க. நீங்களே வச்சிக்குங்க." தோலைத் தேடினேன். இல்லை. காலி மாத்திரை அட்டை ஒன்றுதான் செருகியிருந்தது. நீ நிறுத்திய இடம். நின்றபடியே இறங்கிப் போய்விட்டாய். அதைத் தாண்டிப் படிக்க எனக்கு மனசு வரவில்லை. உன்னை வழியில் விட்டுவிட்டு நான் மட்டும் போவது போலிருந்தது.

போன வாரம், உன் வேலைக்கு வந்திருக்கிற நைனார்பாளையத்துப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, எதுனா புக்கு சொல்லுங்களேன். அம்மா தவறினதுலருந்து சும்மா இருந்தா அழுகையா வருது" என்றாள். துக்கத்தில் இருக்கிறவளுக்கு வாய்க்கு வந்த பெயரைச் சொல்ல முடியுமா? அவளுக்காகத்தான் உன் நாவலை முதலிலிருந்து எடுத்தேன். நீ சொன்னது சரி, ஒரே நெரிசல். நேற்று மாத்திரை அட்டை வரை வந்து மூடிவிட்டேன்.

இன்று அந்த எலுமிச்சை வாசனையில் தாண்டினேன். அடுத்த தாளில், அதற்கடுத்த தாளில், கதையில் வருகிற பெண் செத்துப்போன தன் தாயின் புடவையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். வளைவும் தெரியவில்லை, பஸ் நின்றதும் தெரியவில்லை. "அக்கா, வெள்ளிமலை வந்துடுச்சி, எறங்குங்க" என்று நைனார்பாளையத்துப் பெண்தான் தோளைத் தொட்டாள்.

இரண்டே தாள். இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் நீயும் உட்கார்ந்திருப்பாய். பள்ளிக்கூட வாசலில் நின்று அழுதுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

முன் சீட்டுக்காரியிடம் வாங்கிய தோலை அந்தப் பக்கத்தில் வைத்தேன். ஈரம் எழுத்தில் படிந்தது, படியட்டும். சாயங்காலம் புத்தகத்தைக் கொடுத்ததும் அவள் பிரித்துப் பார்த்தாள். "இன்னாக்கா, இத்தோட உட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. எனக்கு ஒக்கார எடம் கெடச்ச பக்கம். அதுவரைக்கும் நின்னுக்கினு வா" என்றேன்.

உன் மாத்திரை அட்டையை மட்டும் முன்பே எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் அவள் இறங்கிவிடக் கூடாது.