முதல் எதிர்மனுதாரர் வீட்டுச் சூப்

கீழத்தெரு,
காமயகவுண்டன்பட்டி,
12.1.2025

அன்புள்ள மாப்பிள்ளை முத்துவீரனுக்கு,

நேற்று கம்பத்தில் வக்கீல் வைகுண்டராஜ் அலுவலகத்தில் நெடுநேரம் கலந்தாலோசித்து, நன்மை தீமைகளை எடை போட்டு, பின்வரும் முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது: இன்று முதல் நான் சுருளியாண்டி கடையில் டீ குடிப்பேன், நீ பஸ் நிறுத்தக் கடையில் குடிக்க வேண்டும். முப்பது வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களைப் பிரிக்கிற முடிவு என்பதால் சுருளியாண்டிக்கும் முறைப்படி தெரிவித்தேன். "அப்ப அவரு பாக்கி?" என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். வழக்கில் அதைச் சேர்க்கவில்லை.

காரணம் இதுதான். உன் குட்டியானை வண்டி பின்னால் வந்து என்னைத் திராட்சைப் பந்தல் கல்தூணோடு சேர்த்து அழுத்தியதற்கு, வண்டிக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். கம்பெனி தர வேண்டுமானால் தப்பு உன் மேல் இருக்க வேண்டும். தப்பு உன் மேல் இருக்க வேண்டுமானால் நான் உன் மேல் வழக்குப் போட வேண்டும். நீ முதல் எதிர்மனுதாரர், கம்பெனி இரண்டாவது. பள்ளிக்கூடத்தில் உனக்குக் கிடைக்காத இடம்.

நாம் சேர்ந்து டீ குடிப்பதைக் கம்பெனி ஆள் படம் எடுத்தால், ரெண்டு பேரும் கூடி விபத்தை ஜோடித்தோம் என்று ஆகிவிடுமாம். "அவுகளோட போன்லயும் பேசிராதீக. போன் கணக்கு எல்லாத்தையும் எடுத்துருவாக" என்றார் வக்கீல். கடிதம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடிதம் எழுதுகிறவர்கள் இன்னும் இருப்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. இங்கே பெட்டியில் போட்டால் கம்பம் போய்த் திரும்பி உன் மேலத்தெருவுக்கு வரும். நடந்து வந்தால் ஒரு பீடி தீர்வதற்குள் வந்துவிடலாம்.

கை தோளுக்குக் கீழே நன்றாக இருக்கிறது. மேலே போகாது. பந்தல் மேலேதான் இருக்கிறது. கவாத்து, கொடி கட்டுவது, குலை வெட்டுவது எல்லாம் அண்ணாந்து செய்கிற வேலை. ஆள் வைத்துச் செய்யப் பணம் வந்தால் தோட்டம் நிற்கும், இல்லாவிட்டால் கம்பியை அவிழ்த்து விற்க வேண்டியதுதான் என்று வீட்டில் மொக்கம்மாள் சொல்கிறாள். ஆகவே மாப்பிள்ளை, உன் மேல் வழக்குப் போடுவதைத் தவிர எனக்கு வேறு துணை இல்லை.

உன் பிரியமுள்ள,
ராக்கையா


மேலத்தெரு,
20.2.2025

மாப்பிள்ளைக்கு,

கோர்ட் நோட்டீஸ் வந்தது. என் வீட்டுக்காரி கையெழுத்துப் போட்டு வாங்கி, வாசலில் நின்றே சத்தமாக வாசித்துவிட்டாள். மாயக்காளின் குரல் உனக்குத் தெரியும். தெருவே கேட்டது.

"வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்று எழுதியிருக்கிறாய். "ரிவர்ஸ்ல அதிவேகமா போனீகளா? முன்னால போறப்பவே மாட்டு வண்டி உங்கள முந்துமே" என்று கேட்கிறாள்.

போக்குவரத்துச் செலவு பதினைந்தாயிரம். உன்னைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் வண்டி. டீசல் நான் போட்டேன். துணிமணி சேதம் இரண்டாயிரம். அந்தச் சட்டை என்னுடையது. எனக்கு இறுக்கமாகப் போய்விட்டது என்று உனக்குக் கொடுத்தேன்.

சத்துணவுச் செலவு என்று இருபதாயிரம் போட்டிருப்பதைப் பார்த்துத்தான் மாயக்காளுக்கு ஆத்திரம் வந்தது. "அண்ணன்னு நெனச்சு மூணு மாசம் ஆட்டுக்கால் சூப்பு வச்சுக் குடுத்தேன். அதுக்கு எம் புருசன்கிட்டயே துட்டு கேக்குறாக. இனி அந்த வீட்டுக்குத் தூக்குவாளி போகாது" என்று சொல்லிவிட்டாள்.

எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது. போலீஸ் கேஸ் தனியாக உத்தமபாளையம் கோர்ட்டில் இருக்கிறது. தப்பு முழுக்க என் மேல் என்று ஆனால் லைசென்ஸை நிறுத்துவார்களாம். வண்டிக்கு மாதத் தவணை இருக்கிறது. எனக்கு ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதுவும் சரியாகத் தெரியாது என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய்.

பஸ் நிறுத்தக் கடையில் டீ வெந்நீர் மாதிரி இருக்கிறது.

முத்துவீரன்


கீழத்தெரு,
27.2.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மொக்கம்மாள் ஒரு தடவை படித்துவிட்டு அன்றைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

மனு எழுதுகிறவர்களின் உலகத்தில் மெதுவாக மோதுகிற வண்டியே கிடையாது. நின்ற லாரியில் போய் முட்டியவனுக்கும் லாரி அதிவேகமாக நின்றது என்றுதான் எழுதுவார்கள். துணிமணி சேதமும் அப்படித்தான். குளித்துக்கொண்டிருந்தபோது அடிபட்டவனுக்கும் அது உண்டாம். சத்துணவு என்பது ஒரு தலைப்பு. வலி, வேதனை ஒரு தலைப்பு. வருமான இழப்பு ஒரு தலைப்பு. உடம்பைக் கறிக்கடையில் கூறு போடுகிற மாதிரி கூறு போட்டு, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு விலை வைக்கிறார்கள். சூப்புக்கு ஆதாரம் கேட்டார்கள். மாயக்காள் ரசீது தரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

'வாழ்வின் சுகங்களை இழந்தது' என்று இன்னொரு தலைப்பு. "என்னென்ன சுகம் இழந்தீக? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் வக்கீல். யோசித்தேன். முத்துவீரனோடு டீ குடிப்பது என்றேன். அதை எழுத முடியாது, அவர்தான் எதிர்மனுதாரர் என்றார்.

ஒன்று மட்டும் மனுவில் இல்லை. அன்றைக்குப் பின்னால் நின்று, வண்டியைத் தட்டித் தட்டி "வரட்டும், வரட்டும்" என்று கூப்பிட்டது நான்தான். ஒரு குலை உரசிவிடும் போலிருந்தது. கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குலையைப் பார்த்தபடியே "வரட்டும்" என்றேன். வண்டியைப் பார்க்கவில்லை. குலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நம்மூரில் பின்னால் ஒருத்தன் நின்று சொல்லும்போது டிரைவர் கண்ணாடியைப் பார்க்கமாட்டான். பார்த்தால், சொல்கிறவனை நம்பவில்லை என்று அர்த்தம். நீ என்னை நம்பினாய். சட்டத்தில் அதற்குப் பெயர் அஜாக்கிரதை.

வக்கீலிடம் இதைச் சொன்னேன். "கேட்டா சொல்லுங்க. கேக்காட்டி நீங்களா வாயத் தொறக்காதீக. உங்க பங்குக்குத் தப்பு இவ்வளவுன்னு சொல்லித் தொகைய வெட்டிருவாக" என்றார்.

மாயக்காளிடம் சொல். நான் இன்னும் அவள் அண்ணன்தான்.

ராக்கையா


மேலத்தெரு,
6.3.2025

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

மாயக்காள் உன் கடிதத்தையும் வாசலில் நின்று வாசித்தாள். ரசீது என்கிற இடத்தில் சிரித்துவிட்டாள். தூக்குவாளி வருகிறது. கம்பெனி ஆள் பார்த்தால் பால் என்று சொல்ல வேண்டுமாம்.

'வரட்டும்' விஷயத்தை நீ மறந்துவிட வேண்டும். நீ அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்கவில்லை. வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியை எதற்கு வைத்திருக்கிறார்கள்? பார்ப்பதற்கு. பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. ஒருத்தன் தப்பில் இன்னொருத்தன் பங்கு கேட்கிற வழக்கத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

உனக்கு முழுத் தொகையும் வர வேண்டும். பந்தல் கம்பி விலைக்குப் போனால் நான் அந்தப் பாதையில் வண்டி ஓட்டிப் பிரயோஜனம் இல்லை. யாருடைய திராட்சையை ஏற்றுவேன்?

உன் முதல் எதிர்மனுதாரர்,
முத்துவீரன்


கீழத்தெரு,
2.7.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மருத்துவக் குழுவின் முன்னால் நின்றேன். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். "இன்னும்" என்றார்கள். இவ்வளவுதான் என்றேன். முப்பத்தைந்து சதவீதம் ஊனம் என்று சான்று தந்தார்கள். உட்கார்ந்து எழுதுகிற வேலைக்காரனுக்கு இது பெரிய விஷயமில்லை. பந்தல்காரனுக்கு முழுக்கையும் போன மாதிரி. நம் வக்கீல் அதைத்தான் பேசப் போகிறார். உடம்பில் எவ்வளவு போனது என்று மட்டும் பார்க்கக் கூடாது, பிழைப்பில் எவ்வளவு போனது என்று பார்க்க வேண்டும் என்று. செப்டம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுகிறார்கள். எட்டு லட்சத்துக்கு வருவார்கள் என்கிறார்.

உன் வண்டியில் ஓடிய பாட்டைப் பற்றி. அந்த ஸ்பீக்கர் இரண்டு வருடமாகப் பாடவில்லை. அதைச் சரி செய்ய என்னிடம் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு டயர் மாற்றினாய்.

கேட்டால் நான் சொல்லத்தான் செய்வேன். 'வரட்டும்' சொன்னவன் நான் என்று ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால், போலீஸ் கேஸில் உனக்கு அது துணை. லைசென்ஸ் தப்பிக்கும். உன் தவணை ஓடும். நீ பேசாமல் இரு.

ராக்கையா


மேலத்தெரு,
9.9.2025

மாப்பிள்ளைக்கு,

நேற்று உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போனேன். உன்னிடம் முன்னாலேயே சொன்னால் தடுப்பாய் என்று சொல்லவில்லை.

குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். ஒத்துக்கிறேன்யா என்றேன். நீதிபதி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ரிவர்ஸ்லயா அதிவேகமா ஓட்டுனீங்க?" என்றார். ஆமாய்யா என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை காகிதத்தைப் பார்த்தார். பிறகு அபராதம் போட்டார். கட்டிவிட்டேன்.

இனிமேல் கம்பெனிக்காரர்கள் யார் தப்பு என்று வாய் திறக்க முடியாது. ஓட்டியவனே ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை நீ போய், கேட்டதற்கு மட்டும் தலையாட்டிவிட்டு, எட்டு லட்சத்தையும் வாங்கிக்கொண்டு வா. அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே.

முத்துவீரன்


கீழத்தெரு,
13.9.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. சூப் வைத்த களைப்பு என்று நினைக்கிறேன்.

இன்று சமரசம் முடிந்தது. கம்பெனி அதிகாரி ஜோதிகா என்று ஓர் அம்மாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். பந்தல் வேலையைப் பற்றி வக்கீல் நன்றாகவே பேசினார். அந்தம்மாளும் ஒத்துக்கொண்டார். எட்டு லட்சம் என்று பென்சிலால் எழுதினார். எழுதிவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "வண்டி பின்னால வரும்போது யாரும் நின்னு வழி சொல்லலையா?" என்று கேட்டார்.

"நாந்தேம்மா சொன்னேன். வரட்டும் வரட்டும்னு. குலையப் பாத்துக்கிட்டே சொன்னேன்" என்றேன். வக்கீல் மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

எட்டு ஆறு ஆயிற்று. கால் பங்கு தப்பு என்னுடையது. 'வரட்டும்' என்று இரண்டு தடவை சொன்னேன். தடவைக்கு ஒரு லட்சம். இதுவரை நான் பேசியதில் இவ்வளவு விலை எதற்கும் போனதில்லை.

எனக்கு மனசு லேசாக இருக்கிறது. தப்பு முழுவதும் உன் மேல் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டது. நகலை அனுப்புகிறேன். உத்தமபாளையத்தில் கொடு. அதுவரைக்கும் அவசரப்பட்டு எதையும் ஒத்துக்கொள்ளாதே.

ராக்கையா


மேலத்தெரு,
18.9.2025

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. என்னுடையதும் உனக்கு வந்திருக்கும். இரண்டும் கம்பத்தில் ஒன்றை ஒன்று பார்த்திருக்கும்.

மாயக்காள் இந்தத் தடவை சத்தமாக வாசிக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு, "ரெண்டு பேரையும் அந்தக் கல்தூணுல சேத்துக் கட்டணும்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைக்க நோட்டீஸ் வந்துவிட்டது. வண்டியைப் பண்ணைப்புரத்தில் ஒருத்தருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். தவணைக்குச் சரியாகப் போகும். எனக்குத்தான் வேலை இல்லை.

உன் மேல் கோபம்தான். என்ன கோபம் என்று எழுதத் தெரியவில்லை.

முத்துவீரன்


கீழத்தெரு,
31.10.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வழக்கு முடிந்தது. இனிமேல் போனில் பேசலாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். தபால்தலை ஒன்று மிச்சம் இருந்தது.

பணம் வங்கிக்கு வந்துவிட்டது. கம்பியை அவிழ்க்கவில்லை. கவாத்துக்கு ஆள் தேடினேன். வழக்கமாக வருகிறவர்கள் எல்லாம் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். என் ஒரு கை கீழேயே இருக்கிறது. உன் கை இரண்டும் சும்மா இருக்கின்றன. திங்கட்கிழமை காலையில் தோட்டத்துக்கு வா. கூலி எண்ணூறு. கத்தரி என்னிடம் இருக்கிறது. எந்தக் கணுவில் வெட்டுவது என்று கீழே நின்று நான் சொல்கிறேன். நீ அண்ணாந்து வெட்டு. இந்தத் தடவை நான் உன்னையே பார்த்துக்கொண்டு சொல்கிறேன்.

மத்தியானச் சோறு மொக்கம்மாள் கொண்டு வருவாள். மாயக்காளையும் வரச் சொல்லியிருக்கிறாள்.

வருகிற வழியில் டீ குடித்துவிட்டுப் போகலாம். சுருளியாண்டி அந்தப் பெஞ்சைப் போன மாதம் எடுத்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்.

ராக்கையா