பக்கத்தின் அடியில் கிடக்கிற பேர்

என்ர இஞ்சேருங்கோ,

இத்தனை வருஷமும் உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். ஒருநாளும் பேர் சொன்னதில்லை. இந்தக் கடிதத்திலும் சொல்லப் போவதில்லை.

உங்கட ஆண்டுத் திவசம் வருகிறது. முரசுமோட்டையில் வயலெல்லாம் பச்சை. கிளிநொச்சி அரசாங்கக் கந்தோரில் உங்கட கதிரையில் இப்போது வேறொரு தம்பி இருக்கிறாராம். அந்தக் கதிரையில் இருந்துதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். பகல் முழுக்கக் கந்தோர். பின்னேரம் வந்தால் சட்டையும் மாற்றாமல் கணினிக்கு முன்னால். "சம்பளம் சோத்துக்கு, இணையத்தளம் செய்யிறது வீடு கட்ட" என்பீர்கள். ஒன்றை விடுங்கோ என்று எத்தனை தரம் கெஞ்சினேன்? காதில் விழுந்ததா?

அரிசி ஆலை, மாங்குளத்துத் தங்குமிடம், எங்கட அம்மன் கோயில் என்று நீங்கள் செய்த தளம் எல்லாவற்றின் அடியிலும் "வடிவமைப்பு: தவமலர்" என்று என்ர பேர்தான் கிடந்தது. அரசாங்க உத்தியோகத்தர் வெளியில் தொழில் செய்கிறார் என்று கதை வந்துவிடும் என்ற பயம் உங்களுக்கு. பில் எழுதினேன், வரவுசெலவு பார்த்தேன். வேலையில் ஓரெழுத்தும் நான் தொட்டதில்லை. பக்கத்து வீட்டு ராணியக்கா, "கம்பியூட்டர் அம்மா வாறா, விலகுங்கோ! அப்ப வீட்டிலை சமைக்கிறது ஆர், அவரோ?" என்று கிணற்றடியில் வைத்துச் சிரிப்பா. எனக்கு உடம்பு கூசும்.

"எனக்கும் காட்டித் தாங்கோவன்" என்று ஒருநாள் கேட்டேன். நினைவிருக்கிறதா?

"உமக்கேன் இந்தக் கரைச்சல்? பேர் உம்மடை, வேலை என்ரை. தேத்தண்ணியைப் போடும்."

போட்டேன். வேறென்ன செய்வேன்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வீடு கழுவின ஈரம் காயவில்லை, ஆலைக்காரர் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, எங்கட பக்கம் திறக்குதில்லை. நீங்கள்தானே செய்தனீங்கள்?" இல்லை என்று சொன்னால் நீங்கள் ஒளித்ததெல்லாம் வெளியே வந்துவிடும். செத்த மனுசனைப் பற்றிக் கந்தோரில் கதைப்பார்கள். "ஓம் அண்ணை, பாக்கிறன்" என்றேன். அந்த ஒரு பொய்யை மெய்யாக்கத்தான் படிக்கத் தொடங்கினேன்.

சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுக் கணினியைத் திறப்பேன். காணொளி பார்ப்பேன், நிறுத்துவேன், செய்வேன், அழிப்பேன். ஒருவழியாக ஆலைப் பக்கம் திறந்தது. தங்குமிடத்துப் படங்கள் கைபேசியில் திரைக்கு வெளியே போய்விட்டன. "அக்கா, கட்டில் பாதிதான் தெரியுது. வாற ஆக்களும் பாதிக் காசுதான் தருவினம்" என்று மாங்குளத்துத் தம்பி பகிடி விட்டார். அதையும் திருத்தினேன். கடைசியில் அம்மன் கோயில் பக்கத்தை முழுக்கப் புதிதாகச் செய்தேன். பூசை நேரம், உபயகாரர் விபரம், வெளிநாட்டில் இருப்பவர்கள் திருவிழாவை நேரடியாகப் பார்க்க ஒரு வழி. நீங்கள் செய்ததில் அது இருக்கவில்லை. கோபிக்காதேங்கோ, அதைவிட இது வடிவு.

உங்கட சித்தப்பாதான் இப்போது கோயில் தலைவர். கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் வந்து கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, பக்கம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அடியிலை உம்மட பேர் கிடக்குது. சனம் ஒருமாதிரிக் கதைக்குது. அதை எடுத்துப்போட்டு அவன்ர பேரைப் போடும். 'அமரர் நினைவாக' எண்டு. அவனுக்கும் புண்ணியம்."

"அவர் இருக்கேக்கையும் என்ர பேர்தானே மாமா கிடந்தது?"

"அப்ப வேறை, இப்ப வேறை. நல்ல காரியம் தொடங்கிற பக்கம். விளங்காத பிள்ளையே நீர்?"

"வேலை நான் செய்தது, மாமா."

"அவன் செய்து வைச்சதுதானே. நீர் கொஞ்சம் துடைச்சு விட்டனீர்."

விளங்கியது. நெற்றியில் பொட்டோடு சும்மா இருந்தபோது என்ர பேர் கோயிலுக்கு ஆகும். பொட்டை அழித்துவிட்டு நானே செய்தால் ஆகாது.

அவர் போன பிறகு உங்கட பேரை அடித்துப் பார்த்தேன். வாயால் ஒருநாளும் சொல்லாத பேர். திரையில் வடிவாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்து அழுதேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். என்ர பேரோடு வேண்டுமென்றால் பக்கம் இருக்கட்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கோ என்று மாமாவுக்குச் சொன்னேன்.

வேறு ஆளைப் பார்த்தார்கள். கிளிநொச்சி ரவுணில் ஆரோ ஒரு பெடியன் என்ர பக்கத்தை அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்தான். அதே படம், அதே நிறம். அடி மட்டும் வெறுமை. கொடியேறின அன்று வீதியில் சனத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டேன். அம்மாளே, உனக்குமா என்ர பேர் ஆகாது என்று கேட்டேன்.

உங்களிலும் எனக்குக் கோபம்தான். அன்றைக்கே வேலையையும் பேரையும் பாதி பாதியாகத் தந்திருந்தால், இன்றைக்கு ஆர் இப்படிச் சொல்லியிருப்பார்கள்? நீங்களும் கொஞ்சம் இளைப்பாறி இருந்திருப்பீர்கள். இப்போதும் இருந்திருப்பீர்களோ?

திவசத்துக்கு உங்களுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியும் பாயசமும் படைப்பேன். விளக்கு அணையவிடமாட்டேன். ஆனால் நான் செய்கிற எந்தப் பக்கத்திலும் உங்கட பேர் வராது. என்ர பேருக்குப் பின்னால் நீங்கள் ஒளித்தீர்கள். உங்கட பேருக்குப் பின்னால் நான் ஒளிக்கமாட்டேன். இது அம்மாள் அறியச் சத்தியம்.

உங்கட மனுசி,
தவமலர்