மேயரைக் கூப்பிடு

மார்ச் 4

நான் மேயர். எழுதிப் பார்த்தாலாவது நம்பிக்கை வருமா என்று எழுதுகிறேன். நான் மேயர். ம்ஹூம், சிரிப்புதான் வருகிறது.

போன மாதம் வரை புதுப்பட்டினம் ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டிய ஜெனிஃபர், இன்று சிவப்பு அங்கியில்! அது ஆறடி ஆளுக்குத் தைத்தது போல. ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு உறுதிமொழி எடுத்தேன். செங்கோலை நீட்டினார்கள் – இதை வாங்குவதா, அங்கியை விடுவதா? முன்வரிசையில் ஸ்டான்லி குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கட்டிய புருஷன்!

மார்ச் 7

என் அறைக்குப் போனால் என் நாற்காலியில் துணை மேயர் தீனதயாளன். எழுந்திருக்கவில்லை.

"வாம்மா. பட்டியலினப் பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டாங்க, பேரு ஜெனிஃபர்னாலும் சர்டிபிகேட்ல நீ இந்து, அதான் கட்சில உன்ன நிறுத்துனோம். காட்ற எடத்துல கையெழுத்து போடு, மத்தத நான் பாத்துக்கறேன். உனக்கு இன்னா கஷ்டம்?"

வாழ்த்த வந்தவர்களெல்லாம் என்னைத் தாண்டிப் போய் ஸ்டான்லிக்கு மாலை போட்டார்கள். மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற மனுஷன், மாலையோடு முழிக்கிறார். "மேயரு நான் இல்ல, அவங்கதாங்க," என்றார். யார் காதில் வாங்கினார்கள்?

மார்ச் 15

கடற்கரை மீன் அங்காடியை இடித்து, ஒரு சொகுசு விடுதிக்கு வண்டி நிறுத்தக் கொடுக்கப் போகிறார்களாம். கூட்டத்தில் வரப்போகும் தீர்மானம். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல! அங்க கூடை வச்சிருக்கிற பொம்பளைங்க எங்க போவாங்க?

"மெஜாரிட்டி நம்மகிட்ட கீது. நீ கம்முனு ஒக்காந்துகினு இரு," என்கிறார் தீனதயாளன்.

மன்றத்தில் பாதிப்பேர் பெண்கள்தான். ஆனால் ஒவ்வொருத்தி பக்கத்திலும் புருஷனோ அண்ணனோ உட்கார்ந்து, கையைத் தூக்கு என்கிறான்.

மார்ச் 19

கடையில் பார்த்ததுதானே – புருஷன் போன் பேச வெளியே போன பிறகுதான் பெண்கள் மனசுக்குப் பிடித்த புடவையைத் தொடுவார்கள்.

அப்போ, வெளியே அனுப்பணும்.

மார்ச் 30

அய்யோ, என்ன செய்துவிட்டேன் இன்று!

கூட்டம் தொடங்கியதும் மைக்கில் சொன்னேன்: "உறுப்பினரா இல்லாதவங்க எல்லாம் தயவுசெஞ்சு வெளிய போயிடுங்க."

"இன்னாமா இது புதுசா?" – தீனதயாளன்.

"விதியே அதாங்கண்ணா. ஆணையரயே கேளுங்க."

ஆணையர் தலையாட்டினார். கவுன்சிலர் வரலட்சுமியின் புருஷன் சின்னராசு மட்டும் எழவில்லை. "நான் இல்லன்னா இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"எல்லாம் தெரியும். போய்யா நீ," என்றாள் வரலட்சுமி. கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போனார், பாவம்.

அங்காடித் தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் முதல் கை வரலட்சுமியுடையது. அப்புறம் ஒவ்வொன்றாக, தீனதயாளன் தன் பக்கம் என்று எண்ணி வைத்திருந்த பெண்களுடையதும்! "தீர்மானம் தோல்வியடைந்தது" என்று கம்பீரமாகச் சொல்லியிருக்க வேண்டும். "தோத்துப்போச்சு!" என்று மைக்கில் கத்திவிட்டேன்.

ஏப்ரல் 2

கட்சியில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பதவி போனாலும் போகட்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாட்டு வாயில் வருகிறதே, என்ன செய்ய?

ஏப்ரல் 11

விடிந்தும் விடியாமல் வாசலில் சத்தம். பக்கத்துத் தெரு எல்லம்மாள், காலிக் குடத்தோடு. ஸ்டான்லி எழுந்து போய், "இன்னாக்கா?" என்றார்.

"உங்கிட்ட இன்னா பேச்சு? மேயர கூப்டு."

பல்கூடத் துலக்காமல் ஓடினேன். தண்ணீர் வராததற்கு வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். என்னைத்தான், என்னை மட்டும்தான்! சிரித்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசி வரை நின்று கேட்டேன்.