வராத புள்ளிகள்

மச்சான்,

இருபத்தொரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்பாய். சுளித்துவிட்டுப் படி.

நேற்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ரேடார் விமானத்தில் திரை முன்னால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பதினாறு வருஷம் நாம் பார்த்த உத்தியோகமே அதுதானே, இதெல்லாம் ஜுஜுபி என்று உட்கார்ந்தேன்.

பரிசோதித்த பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். "சார், வராத புள்ளிக்கெல்லாம் அழுத்துறீங்க. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க."

"தெரிஞ்சும் விட்டுட்டா?"

"ஒண்ணு ரெண்டு விட்டா பரவாயில்ல சார்."

எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்பது பேரோடு அந்தச் சின்ன விமானம் காணாமல்போன மத்தியானம், என் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி மூன்று முறை தலைகாட்டியது. பறவைக் கூட்டம் என்று நினைத்து அழித்தேன். விசாரணையில், "திரையில ஒண்ணுமே இல்ல" என்று சொன்னேன். என்னைக் கேட்காமலே நீயும் அதையே சொன்னாய். நான் அழித்ததைப் பார்த்துவிட்டு என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாய் என்று நினைத்து, இத்தனை வருஷம் உன் முகத்தில் விழிக்காமல் இருந்தேன்.

ஆனால் நம் இரண்டு திரையிலும் ஓடியது ஒரே படம். நான் அழிக்கும்வரை அந்தப் புள்ளி உன் கண்முன்னாலும்தான் இருந்தது. அதை நீயும்தான் விட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் மறுபடி பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு வரி எழுது. அந்தப் புள்ளியை நீ பார்த்தாயா?

பார்த்திருக்காவிட்டாலும், பார்த்தேன் என்றே எழுது.

பக்கத்து நாற்காலிக்காரன்